ஓட்டாத பாதையை ஓட்டச் சொல்லாதீர்கள்

சென்ற வாரம் நம் சைக்கிள் குழுவில் ஒருவர் போட்ட 'வெயில் பள்ளத்தாக்கு கிராவல் தொகுப்பு' (கல்லும் மண்ணுமான சாலைகளில் சைக்கிள் ஓட்டுவதற்கான பாதைகளின் பட்டியல்) பற்றி நடந்ததைப் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். அதனால் முழுக் கதையையும் இங்கே மீண்டும் விரிக்கப் போவதில்லை. தொகுத்தவரிடம் நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "இதில் மூன்றாவதாக நீங்கள் கொடுத்திருக்கும் பாதையில் நீங்கள் சைக்கிள் ஓட்டியிருக்கிறீர்களா?" அதற்குப் பதிலாக ஒரு சிரிப்புக்குறி வந்தது. பிறகு, "அண்ணா, பொறாமை வேண்டாம்" என்று ஒரு வரி வந்தது. அதன் பிறகு என் பின்னூட்டமே காணாமல் போனது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கும் வழக்கம் எனக்கு இல்லை, எடுத்து வைத்தவர்கள் அனுப்பியிருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஒரு பாதையைத் தொகுத்து, அதற்கு 'எளிது' என்று முத்திரை குத்தி, நாலு பேருக்குக் கொடுக்கிறவர் அந்தப் பாதையில் ஒரு முறையாவது தன் சக்கரத்தை உருட்டியிருக்க வேண்டும். இதில் பொறாமைக்கு எங்கே இடம் இருக்கிறது என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

தொகுப்பு எந்த இடத்தைப் பற்றியது என்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இத்தாலியின் வடகோடியில், தென் டிரோலில், ரெஷன் கணவாயிலிருந்து மெரான் நகரம் வரை எட்ஷ் ஆற்றோடு இறங்கும் வின்ஷ்காவ் பள்ளத்தாக்கு அது. இத்தாலிய மொழியில் அதை வால் வெனோஸ்தா என்பார்கள். ஆல்ப்ஸ் மலைகளிலேயே வறண்ட பள்ளத்தாக்குகளில் ஒன்று. வடக்கிலும் தெற்கிலும் நிற்கும் மலைத்தொடர்கள் மேகங்களை வழியிலேயே மறித்துவிடுவதால், பள்ளத்தாக்கின் அடியில் ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. தெற்கு நோக்கிய சரிவுக்குச் சொன்னென்பெர்க் என்று பெயர், புல்லும் முட்செடியுமாக வெயிலில் காய்ந்து கிடக்கும். எதிர்ப்புறத்து நோர்டர்பெர்க் சரிவு முழுக்க அடர்ந்த காடு, நிழல். ஒரே நாளில், ஒரே ஆற்றின் இரு கரைகளில், இரண்டு வெவ்வேறு பருவங்களில் சைக்கிள் ஓட்டலாம்.

வெயில் நிறைய, மழை குறைவு. அப்படியானால் தோட்டங்களுக்கும் புல்வெளிகளுக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நம் தொகுப்பாளர் ஒரு கணம் யோசித்திருந்தால்கூட இந்தப் பதிவுக்குத் தேவை வந்திருக்காது. மேலே, பனியாற்று நீர் ஓடும் ஓடைகளிலிருந்து, மலைச்சரிவைக் குறுக்காக வெட்டி, கிட்டத்தட்ட சமமட்டமாக, நூற்றாண்டுகளுக்கு முன்பே வாய்க்கால் கொண்டுவந்திருக்கிறார்கள். இந்த வாய்க்காலை அங்கே ஜெர்மன் மொழியில் 'வால்' என்பார்கள், வால் வெனோஸ்தாவின் 'வால்' வேறு. நம் ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்ததுபோல, அந்த வாய்க்காலைப் பார்த்துக்கொள்ள அங்கும் ஒருவர் இருப்பார். அவர் தினமும் நடந்து போய் அடைப்பை எடுக்கவும், மடையைத் திறக்கவும், கரையைச் செப்பனிடவும் வாய்க்காலை ஒட்டி விடப்பட்ட ஒற்றையடிப் பாதைதான், தொகுப்பில் மூன்றாவதாக 'சமதளமான, எளிய, வெயிலான கிராவல் பாதை' என்று விளம்பரப்படுத்தப்பட்டிருக்கிறது. சமதளம்தான், மறுக்கவில்லை. தண்ணீர் மெதுவாக ஓடுவதற்காகச் சமமாக வெட்டினார்கள். அகலம் எவ்வளவு? பல இடங்களில் ஓர் ஆள் நடக்கலாம், எதிரில் இன்னோர் ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் சரிவு. பல இடங்களில் சைக்கிளுக்குத் தடை என்று பலகையே நட்டிருக்கிறார்கள்.

சரி, இப்படி ஒரு பாதை எப்படித் தொகுப்புக்குள் வந்தது? அதுவும் மர்மமில்லை. வரைபடச் செயலிகளில் ஆட்கள் அதிகம் போன இடம் பளபளவென்று தடித்த கோடாகத் தெரியும். அந்தக் கோட்டை உண்டாக்கியவர்களில் பெரும்பாலோர் கையில் தடியோடு நடந்து போனவர்கள். நடையாளியின் தொலைபேசியும் பதிவு செய்கிறது, சைக்கிளோட்டியின் கருவியும் பதிவு செய்கிறது. பிரித்துப் பார்க்காமல் கோட்டை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். பயனர்களே விவரம் பதியும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் வண்டித்தடங்களுக்கு ஐந்து தரம் உண்டு. முதல் தரம் என்றால் இறுகிய தரை, ஐந்தாம் தரம் என்றால் வெறும் மண்ணும் புல்லும். ஆனால் யாரோ ஒருவர் நேரில் போய்ப் பார்த்து அந்த விவரத்தைப் பதிந்திருந்தால்தான் அது இருக்கும். பதியாத இடத்தில் செயலி ஊகிக்கிறது. உயரக் கணக்கும் அப்படித்தான். செயற்கைக்கோள் தரவைச் சமன்படுத்தி வரையும்போது, முப்பது மீட்டர் தூரத்துக்குச் செங்குத்தாக ஏறும் ஒரு மேடு வரைபடத்தில் இருந்த இடம் தெரியாமல் கரைந்துவிடும். காலுக்கு மட்டும் அது நன்றாகவே தெரியும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லி வைத்தவர்கள் பாதையைப் பதிந்து வைக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பைப் பார்த்ததில்லை, ஆனாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அந்தச் சரிவில் சைக்கிளைக் கீழே கிராமத்தில் நிறுத்திவிட்டு ஒரு வாய்க்கால் பாதையில் நடந்தேன். ஒரு வளைவில் முதியவர் ஒருவர் முழங்காலிட்டு, வாய்க்காலின் வெளிக்கரையில் புல்லோடு பெயர்த்த மண்கட்டியைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தார். கரை விளிம்பில் சைக்கிள் டயரின் அச்சு தெளிவாகப் பதிந்திருந்தது. அந்த அச்சு தொடங்கும் இடத்திலிருந்து கரை ஒரு சாண் அளவுக்குச் சரிந்து, அதன் வழியே தண்ணீர் கசிந்து கீழ்ச்சரிவை ஈரமாக்கியிருந்தது. எனக்கு அவருடைய மொழி அரைகுறை. அவர் ஒன்றும் திட்டவில்லை. அச்சைக் காட்டினார், தண்ணீரைக் காட்டினார், கீழே தெரிந்த வீட்டுக் கூரையைக் காட்டினார், மீண்டும் மண்ணை அழுத்தத் தொடங்கினார். சற்றுத் தள்ளி, தண்ணீர்ச் சக்கரம் ஒன்று சுற்றச் சுற்ற ஒரு சிறு சுத்தியல் மணியைத் தட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது என்று பொருள். சத்தம் நின்றால் எங்கோ அடைப்போ உடைப்போ இருக்கிறது, ஆள் ஓட வேண்டும். 2023 டிசம்பரில் இத்தாலி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து உள்ளிட்ட ஏழு நாடுகளின் மரபுவழிப் பாசன முறையை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த முதியவரின் கைதான். நம் தொகுப்பாளருக்கு அது 'எளிது, வெயில், ஐந்து நட்சத்திரம்'.

"பாதைகள் எல்லோருக்கும் பொது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கிராவல் என்ற இந்த விளையாட்டு பெரும் பெயர் பெற்றதே வண்டி போகும் மண்சாலைகளில்தான். 2006-இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், எம்போரியா ஊரைச் சுற்றித் தொடங்கி, இன்று உலகமே பார்க்கும் அந்த 200 மைல் பந்தயம் டிராக்டரும் சரக்கு வண்டியும் போகும் கல்சாலைகளில் நடக்கிறது. நடைபாதையில் ஆளை ஒதுக்கிக்கொண்டு போவது இந்த விளையாட்டின் சுதந்திரம் என்று யார் உங்களுக்குச் சொன்னார்கள்? பொது என்றால் முதலில் அந்தப் பாதையை வெட்டியவனுக்கும் அதில் பங்கு உண்டல்லவா?

"கூட்டம் இல்லாத அதிகாலையில் போனால் என்ன?" என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. கரைக்கு மணி பார்க்கத் தெரியாது.

"புதியவர்களை விரட்டுகிறீர்கள்" என்பதுதான் உண்மையில் வலித்த குற்றச்சாட்டு. இந்தக் குழுவில் எத்தனை பேருக்கு உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் டயரில் காற்றை எவ்வளவு குறைக்கலாம், 40 மில்லிமீட்டர் டயர் போதுமா, இறக்கத்தில் முன் பிரேக்கை எப்படிப் பிடிப்பது என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறேன்! ஒருவரிடமும் "நீ யார், எத்தனை கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறாய்" என்று கேட்டதில்லை. இன்று நான் வாசற்காவலன் ஆகிவிட்டேன். மகிழ்ச்சி. ஆனால் யோசித்துப் பாருங்கள். பழகியவன் அந்த ஒற்றையடிப் பாதையைப் பார்த்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவான் அல்லது திரும்பிவிடுவான். 'எளிது' என்ற சொல்லை நம்பிப் போகிறவன்தான் புதியவன். நிழலே இல்லாத சரிவில், இரண்டு குப்பித் தண்ணீரும் தீர்ந்த நிலையில், ஒரு பக்கம் பள்ளமும் எதிரில் குழந்தையோடு வரும் குடும்பமுமாக மாட்டிக்கொள்ளப் போகிறவன் அவன்தான். யார் யாரை விரட்டுகிறார்கள்?

"இலவசமாகத்தானே கொடுக்கிறார், குறை சொல்லலாமா?" என்பதும் ஒரு வாதம். ஓரளவு ஒப்புக்கொள்கிறேன், இலவசமாக உழைப்பவர்களை மதிக்க வேண்டும். ஆனால் இங்கே உழைப்பு எங்கே இருக்கிறது? ரெஷன் ஏரிக்குள்ளிருந்து எழும் அந்தத் தேவாலயக் கோபுரத்தின் முன் சைக்கிளைச் சாய்த்து எடுத்த படம்கூட இன்னொருவருடையது. 1950-இல் அணைக்காக ஓர் ஊரையே மூழ்கடித்ததன் மிச்சம் அந்தக் கோபுரம் என்று ஒரு வரிகூட இல்லை. 'கனவுத் தொடக்கம்' என்று இருக்கிறது. இருக்கட்டும், அது வேறு எரிச்சல்.

இவ்வளவுக்கும் அங்கே நல்ல கிராவலுக்குப் பஞ்சமே இல்லை. நோர்டர்பெர்க் பக்கம் மரம் ஏற்றும் லாரிகளுக்காக வெட்டிய வனச்சாலைகள் இருக்கின்றன. அகலமானவை, இறுகியவை, கோடையில் நிழல் நிறைந்தவை. வசந்தத்தில் பனி அங்கே தாமதமாகத்தான் விலகும், அப்போது எதிர்ச்சரிவின் பண்ணைச் சாலைகள் காய்ந்து கிடக்கும். அவை செங்குத்து, பல இடங்களில் தார் போட்டவை, ஆனால் வண்டி போகும் சாலைகள். மால்ஸ் ஊருக்கு மேலே விரியும் புல்வெளியில் பண்ணைத் தடங்கள் உண்டு. ரெஷன் பக்கமிருந்து இறங்கும் காற்று அங்கே முகத்தில் அறையும், அதனால் மேலிருந்து கீழாக ஓட்டினால் பாதி உழைப்பு மிச்சம். இதையெல்லாம் ஒரு நாள் ஓட்டிப் பார்த்தவர் எவரும் எழுதியிருப்பார். தொகுப்பில் காற்று என்ற சொல்லே இல்லை.

கோடையில் அந்தப் பக்கம் போகத் திட்டமிட்டிருப்பவர்கள் மூன்றாவது பாதையை மட்டும் விட்டுவிடுங்கள். வாய்க்கால் தொடங்கும் இடத்துக்கு முன்பே கீழே இறங்கும் பண்ணைச் சாலையைப் பிடித்தால் ஆற்றோரச் சைக்கிள் பாதையில் சேர்ந்துவிடலாம், அங்கிருந்து பாலம் கடந்து காட்டுப் பக்கம் ஏறலாம். நானே ஓட்டிப் பதிந்த கோப்பு இருக்கிறது, கேட்பவர்களுக்கு உட்பெட்டியில் அனுப்புகிறேன். அதில் ஓர் ஏற்றம் கடினம். 'கடினம்' என்றே குறித்திருக்கிறேன்.