குட்டிகள் கடித்துப் புரள்வது பெரும்பாலும் சண்டையல்ல

நாய்க்குட்டிகள் ஒன்றையொன்று கடித்துப் புரண்டால் அது பகை, உடனே பிரிக்க வேண்டும் என்று இங்கே பகிரப்படுகிறது. அக்கறையில் சொன்னதுதான், ஆனால் பெரும்பாலும் அது விளையாட்டு. முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்புறத்தைத் தூக்கி ஒரு குட்டி குனிகிறதா என்று பாருங்கள். 'விளையாட்டுக்குத்தான், கோபித்துக்கொள்ளாதே' என்பதற்கு அவற்றின் மொழி அது. தலையை உதறிக் கடிப்பதற்குச் சற்று முன்னும் பின்னும் இந்தக் குனிதல் அடிக்கடி வருவதை விலங்கு நடத்தை ஆய்வாளர் மார்க் பெக்காஃப் 1995இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

நீங்களே சோதிக்கலாம். மேலே ஏறி நிற்கும் குட்டியை மெல்லப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே கிடந்தது உடலை உதறிவிட்டு மறுபடி வம்புக்கு வந்தால் விளையாட்டு. வாலை இடுக்கிக்கொண்டு ஒதுங்கினால் மட்டும் பிரித்துவிடுங்கள்.