கம்பியைத் திருப்பினால் இடக்கை பேஸ் ஆகாது

"வலக்கை டபுள் பேஸில் (வயலின் போன்ற, ஆளுயரப் பெரிய வாத்தியம்) கம்பிகளைத் திருப்பிக் கட்டினால் இடக்கை பேஸ் ரெடி" என்கிறீர்கள். அது அப்படி இல்லைங்க அண்ணா. எங்கள் பாலக்காட்டுப் பக்கம் பெருவெம்பாவில் வாங்கிய மிருதங்கத்தைத் தம்பி அப்படியே திருப்பி வைத்து இடக்கையால் வாசிக்கிறான், அதற்குச் சரி. பேஸின் வயிற்றுக்குள் இரண்டு பக்கமும் ஒன்றல்ல. தடித்த ஈ (E) கம்பிப் பக்கம், மேல்பலகையின் அடியில் நீளவாட்டில் ஒரு கட்டை ஒட்டியிருக்கும். மெல்லிய ஜி (G) கம்பிப் பக்கம், பிரிட்ஜ் (மேல்பலகை மேல் கம்பிகளைத் தாங்கும் பாலம்) காலருகே ஒரு குச்சித் தூண், பசையே இல்லாமல் இறுக்கத்தில் நிற்கும். தூணை நகர்த்திவிடலாம். கட்டையை மாற்ற மேல்பலகையையே கழற்ற வேண்டும்! அப்புறம் பிரிட்ஜும் நட்டும் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பதியும் துண்டு) புதிதாகச் செதுக்க வேண்டும். கையால் செய்யச் சொல்லி ஆர்டர் கொடுப்பவர், "உள்கட்டையும் இடம் மாறுமா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.