இருபது நாளின் அருமை கடைமடைக்காரனுக்குத் தெரியும்

சனிக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததைக் காணொளியில் பலரும் பார்த்திருப்பீர்கள். மரபணு திருத்திய நெல் ஊத்துக்கோட்டைப் பக்கம் எப்போது வரும் என்றுதான் கேட்டேன். மேடையில் இருந்தவர் அதற்குப் பதில் சொல்லாமல், மண்ணுக்குத் துரோகம் செய்யாதீர்கள் என்றார். கைதட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப்பேர் எனக்குத் தெரிந்தவர்கள் என்பதுதான் வலிக்கிறது.

2025 மே 4 அன்று மத்திய வேளாண் அமைச்சர் அறிவித்த மரபணு திருத்திய நெல் ரகங்கள் இரண்டுமே அரசு நிறுவனங்கள் உருவாக்கியவை. அவற்றில் 'கமலா' ஐதராபாத் இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தினுடையது. ஆந்திர எல்லைக்கு இரு பக்கமும் நாம் நடும் அதே பிபிடி 5204 (சம்பா மசூரி) நெல்லில், கதிரின் மணி எண்ணிக்கையோடு தொடர்புடைய ஒரு மரபணுவை மட்டும் திருத்தியிருக்கிறார்கள். புழுவைத் தடுக்கும் பிடி பருத்தியில் பாக்டீரியாவின் மரபணு இருக்கிறது. இதில் வேற்று உயிரின் மரபணு எதுவும் இல்லை. அதனால்தான் 2022 மார்ச்சில் சுற்றுச்சூழல் அமைச்சகம் இவ்வகைப் பயிர்களுக்கு மரபணு மாற்றிய உயிர்களைக் கட்டுப்படுத்தும் 1989-ஆம் ஆண்டு விதிகளின் சில பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது. பயிரில் என்ன மாறியிருக்கிறது என்பதைப் பார்த்து விதி செய்ய வேண்டும். 'மரபணு' என்ற சொல்லைக் கேட்டதும் கதவை அடைக்கக் கூடாது.

தாய் ரகத்தைவிட ஏறத்தாழ 20 நாள் முன்னதாகக் கமலா அறுவடைக்கு வரும் என்கிறார்கள். அந்த 20 நாள் என்னவென்று சத்தியவேட்டில் இருக்கும் என் சித்தப்பாவைக் கேளுங்கள். ஒரு சம்பாவில் பால் பிடிக்கும் நேரத்தில் ஏரி வற்றிவிட்டது. பக்கத்து ஆழ்துளைக் கிணற்றில் காசு கொடுத்து இரவெல்லாம் தண்ணீர் இறைத்தும், கடைமடையில் கதிரைப் பிடித்துக் கசக்கினால் கையில் பதர்தான் ஒட்டியது.

விதை உரிமை யாரிடம் இருக்கும் என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. திருத்தும் தொழில்நுட்பத்தின் காப்புரிமை வெளிநாட்டில் இருக்கிறது. உழவர் விதையை எடுத்துவைத்து மறுபடி விதைக்கலாமா என்பதை அரசு எழுத்தில் சொல்ல வேண்டும், களச்சோதனைத் தரவுகளை முழுமையாக வெளியிட வேண்டும். ஆனால் சோறு நஞ்சாகிவிடும் என்பவர்களிடம் ஆதாரத்தைத்தான் கேட்பேன்.

கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பங்கேற்று உருவாக்கிய, பிடி பருத்தியைப் போலவே பாக்டீரியாவின் மரபணு சேர்த்த பிடி கத்தரிக்கு 2009-இல் நிபுணர் குழு ஒப்புதல் கொடுத்தும், 2010 பிப்ரவரியில் நிறுத்திவைத்தார்கள். வங்கதேச உழவர்கள் 2014 முதல் அதைப் பயிரிடுகிறார்கள். இப்படி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கப் பெரிய கம்பெனியால் முடியும். அரசுப் பண்ணையில் வேலை செய்யும் விஞ்ஞானியால் முடியாது, நம்மாலும் முடியாது. கம்பெனியை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டே அவர்களுக்கு மட்டும் வழிவிடுகிறோம்.

உரம் போடுவதும் கடன் வாங்குவதும் நான். எந்த விதையை நடுவது என்று கேட்கும் உரிமைகூட எனக்கு இல்லையா? எங்கள் வட்டாரத்தில் ஓர் ஏக்கரிலாவது பிபிடிக்குப் பக்கத்திலேயே கமலாவை நட்டுக் காட்டுங்கள். விளைந்தால் வாங்குகிறோம், விளையாவிட்டால் விட்டுவிடுகிறோம்.