பேரை விட்டுக்கொடுத்தவர்

‘பிளாக் மேஜிக் வுமன்’ கிட்டார்க்காரர் கார்லோஸ் சந்தனாவின் பாட்டு என்றுதான் பல வருஷம் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். 1970ல் அமெரிக்காவில் அதைப் பெரிய ஹிட் ஆக்கியவர் அவர். ஆனால் எழுதியவர் பிரிட்டிஷ் கிட்டார்க்காரர் பீட்டர் கிரீன். 1968லேயே அவருடைய குழு ஃபிளீட்வுட் மேக் அதை வெளியிட்டுவிட்டது.

ஃபிளீட்வுட் மேக் என்றதும் பின்னாளில் வந்த பாடகி ஸ்டீவி நிக்ஸையும் ‘ரூமர்ஸ்’ ஆல்பத்தையும்தான் எல்லோரும் சொல்வார்கள். 1967ல் லண்டனில் அந்தக் குழுவைத் தொடங்கியது கிரீன் என்றால் பாதிப் பேர் நம்புவதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது, பெயரில் ஆளே இல்லையே! டிரம்மர் மிக் ஃபிளீட்வுட், பாஸ் கிட்டார் ஜான் மெக்வி, இந்த இரண்டு பேர் பெயரையும் ஒட்டி வைத்துவிட்டார். இத்தனைக்கும் மெக்வி அப்போது குழுவில் சேரவே இல்லை. ப்ளூஸ் இசைக்குழு நடத்திய ஜான் மேயலிடம் நிலையாக வந்துகொண்டிருந்த சம்பளத்தை விட மனமில்லாமல் இருந்தார். நான் என்றாவது போய்விட்டால் இவர்களுக்கு ஒரு குழு இருக்கட்டும் என்று கிரீன் காரணம் சொன்னதாக ஃபிளீட்வுட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மூன்றே வருஷத்தில் அப்படித்தான் ஆனது.

கிரீனின் வாசிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேயல் குழுவில் கிட்டார்க்காரர் எரிக் கிளாப்டன் விட்டுப்போன இடத்துக்கு வந்தபோது வயது 19. கிளாப்டனைக் கடவுள் என்று லண்டன் சுவர்களில் எழுதிய காலம் அது. வேறொருவராக இருந்தால் வேகத்தைக் காட்டி ஜெயிக்கப் பார்த்திருப்பார். இவர் ஸ்வரங்களைக் குறைத்தார். ‘தி சூப்பர்நேச்சுரல்’ கேளுங்கள்: ஒரே ஸ்வரத்தை மூச்சு முட்டும்வரை பிடித்து வைத்திருப்பார். 1969 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்த ‘ஆல்பட்ராஸ்’ல் பாட்டு வரியே கிடையாது, அவசரமும் கிடையாது. அவருடைய லெஸ் பால் கிட்டாரில் ஒரு பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) காந்தம் திரும்பியிருந்தது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி, தூரத்தில் யாரோ அழுகிற மாதிரி ஒரு தொனி வரும். கிட்டார்க்காரர்கள் இன்னமும் அந்தத் தொனியைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

1970 மார்ச்சில் மியூனிக்கில் பலர் கூட்டாக வாழ்ந்த ஒரு கம்யூன் வீட்டில் எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளை எடுத்தார், அதோடு முடிந்தது என்று ஒரே வரியில் கதையை மூடிவிடுகிறார்கள். எனக்கு இதில் எரிச்சல்தான். அதற்கு முந்தைய வருஷம் வந்த ‘மேன் ஆஃப் தி வேர்ல்டு’ பாட்டில், எல்லாம் கிடைத்தும் நான் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்கிற ஏக்கம் வெளிப்படையாக இருக்கிறது. அப்போதே யாராவது காது கொடுத்துக் கேட்டிருக்கலாம். சம்பாதிப்பதைத் தானம் செய்துவிடலாம் என்றார், மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மே மாதம் விலகினார்.

அந்த லெஸ் பாலை நூற்றுச் சொச்சம் பவுண்டுக்கு இளம் கிட்டார்க்காரர் கேரி மூரிடம் கொடுத்துவிட்டார். இன்று அது மெட்டாலிகா என்ற மெட்டல் குழுவின் கிட்டார்க்காரர் கிர்க் ஹாமெட்டிடம் இருக்கிறது.

அவர் விட்டுக்கொடுத்ததையெல்லாம் ஞானியின் துறவாக்கிப் பாடுபவர்களும் உண்டு; அதுவும் வேண்டாம். மனச்சிதைவு நோய், மின் அதிர்ச்சிச் சிகிச்சை, மருத்துவமனை வாசம் என்று வருஷக்கணக்கில் பட்டார் மனிதர். ‘ரூமர்ஸ்’ கோடிகளைக் குவித்த அதே 1977ல், பணம் விஷயமாகத் தன் கணக்காளரைத் துப்பாக்கியைச் சொல்லி மிரட்டியதாகக் கைதானார்.

பிறகு மெல்ல மீண்டு வந்தார், தொண்ணூறுகளில் மறுபடி மேடையேறினார். 1998ல் ராக் இசைக்காரர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் ஃபிளீட்வுட் மேக்கைச் சேர்த்தபோது அவரையும் அழைத்தார்கள். அன்றைக்கு அவர் வாசித்தது தன் பழைய குழுவோடு அல்ல. சந்தனாவோடு, ‘பிளாக் மேஜிக் வுமன்’.