அறுபது டிக்கெட்

மேலாளர்: சென்ற ஆண்டு 400 டிக்கெட்டுகளை, அதாவது வாடிக்கையாளர் புகார்ப் பதிவுகளை, முடித்துவைத்த நீங்கள் இந்த ஆண்டு அறுபதோடு நின்றுவிட்டீர்களே, சந்திரா. உடம்புக்கு ஏதாவது பிரச்சினையா?

சந்திரா: ஊக்கத்தொகையைப் பற்றிச் சொல்லத்தான் அழைத்தீர்கள் என்று நினைத்தேன், சார். அந்த 400 புகார்களில் பெரும்பாலானவை பில்லிங் மென்பொருளில் இருந்த ஒரே பிழையிலிருந்து கிளம்பியவை. அதை ஜனவரியிலேயே நான் வேரோடு சரிசெய்துவிட்டதால் பிறகு அந்தப் புகாரே வரவில்லை.

மேலாளர்: நல்லது. அந்தப் பிழையைச் சரிசெய்தது எத்தனை டிக்கெட்?

சந்திரா: ஒன்று.

மேலாளர்: ஒன்றுதானே?

(இங்கே மேலாளர் கணினித் திரையைத் திருப்பி ஒரு வட்டப்படத்தைக் காட்டுகிறார். வட்டப்படம் வந்துவிட்டால் வாதம் முடிந்தது என்பது அலுவலகங்களின் எழுதாத சட்டம்.)

மேலாளர்: உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் 380 டிக்கெட்டுகளை முடித்து, முழு ஊக்கத்தொகையையும் பெற்றிருக்கிறார்.

சந்திரா: அவர் சரிசெய்யாமலே மூடுகிறார், வாடிக்கையாளர் திட்டிக்கொண்டே மறுபடி திறக்கிறார், இவர் மறுபடி மூடுகிறார். ஒரே கோளாறை நான்கு முறை மூடினால் உங்கள் கணக்கில் அது நான்கு.

மேலாளர்: அதை நாங்கள் விடாமுயற்சி என்று பதிவு செய்திருக்கிறோம்.

சந்திரா: சார், அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, எத்தனை கணக்குகளைத் தொடங்கவைத்தார்கள் என்பதை வைத்தே ஊழியர்களை விரட்டி வேலை வாங்கியதால், அவர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் கணக்குகளைத் தொடங்கிவிட்டார்கள். 2016-இல் விஷயம் வெளிவந்து 18.5 கோடி டாலர் அபராதம் கட்டினார்கள், ஏறத்தாழ 5,300 பேர் வேலையிழந்தார்கள். எண்ணிக்கைக்குப் பணம் என்றால் எண்ணிக்கைதான் கிடைக்கும்.

மேலாளர்: அது வங்கி. நாம் மென்பொருள் நிறுவனம்.

சந்திரா: அப்படியானால் அந்தப் பில்லிங் பிழையை நாளைக்கே திரும்பப் போட்டுவிடட்டுமா? மாதம் முப்பது டிக்கெட் உறுதி.

மேலாளர்: அப்படி நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன், எழுத்தில் நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்.

சந்திரா: கேட்கக் கூடாதுதான், உங்களுக்கு இந்த ஆண்டு ஊக்கத்தொகை வந்ததா, சார்?

மேலாளர்: வந்தது. இரட்டிப்பாகவே வந்தது.

சந்திரா: எதற்காக?

மேலாளர்: நம் பிரிவுக்கு வரும் பில்லிங் புகார்கள் அறவே நின்றுபோனதற்காக.

சந்திரா: அதற்கு நீங்கள் எத்தனை டிக்கெட் முடித்தீர்கள்?

மேலாளர்: மேலாளர்களுக்கு டிக்கெட் கணக்கு கிடையாது, விளைவை வைத்துத்தான் மதிப்பீடு. உங்கள் மதிப்பீட்டில் குறை இருப்பதாகத் தோன்றினால் முறைப்படி ஒரு டிக்கெட் போடுங்கள்.

சந்திரா: போடுகிறேன், சார். தயவுசெய்து அதை எனக்கே ஒதுக்கிவிடுங்கள், நான்கு முறை மூடிக்கொள்கிறேன்.