தாலெத்துக்கு முழங்கை உண்டு

போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். திரும்ப முதலிலிருந்து சொல்ல எனக்குத் தெம்பில்லை. நான் வேலை பார்க்கிற பள்ளியில், பிள்ளைகளுக்குப் பிரார்த்தனைப் புத்தகம் தருகிற சிதூர் விழாவுக்கு, ஹீப்ரூப் பிரார்த்தனைகளை ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். "இதற்கா இவ்வளவு கோபம்?" என்று நேற்றிலிருந்து உள்பெட்டியில் கேட்கிறார்கள். ஆமாம், இதற்குத்தான்.

லண்டனில் ஒரு யூத ஆரம்பப் பள்ளியில் ஏழு வருடமாக வகுப்பு உதவியாளராக இருக்கிறேன். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள். ஹீப்ரூ பாடத்தில் தடுமாறுகிற நாலு பேர் என் மேசையில் உட்காருவார்கள். அவர்களோடு சேர்ந்துதான் நானும் அந்த 22 எழுத்தைக் கற்றுக்கொண்டேன். எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததும் ஒரு விழா வைத்து, சிதூர் என்கிற பிரார்த்தனைப் புத்தகத்தைக் கையில் கொடுப்பார்கள். அதற்கு அம்மாக்கள் துணியில் உறை தைத்து, பிள்ளையின் பெயரை எம்பிராய்டரி போட்டுக் கொண்டுவருவார்கள். படிக்கத் தெரிந்துவிட்டது என்பதற்காகவே நடக்கிற விழாவில், பிள்ளை ஆங்கிலத்தைப் பார்த்து ஒப்பிக்க வேண்டுமாம்.

இறைவன் ஒருவனே என்று சொல்கிற ஷெமா பிரார்த்தனையில் 'எஹாத்' என்று ஒரு சொல் வரும். 'ஒருவன்' என்று அர்த்தம். கடைசி எழுத்து தாலெத். அந்த இடத்தில் ரேஷ் என்கிற எழுத்து வந்துவிட்டால் 'வேறொருவன்' என்று படிக்கிற சொல்லாகிவிடும். இரண்டு எழுத்தும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். தாலெத்தின் வலது மேல் மூலை மட்டும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும், ரேஷில் அது வளைந்து இறங்கிவிடும். யூதர்களின் வேதமான தோராவின் சுருளில் இந்தத் தாலெத்தைப் பெரிதாக எழுதுவதே யாரும் மாற்றிப் படித்துவிடக் கூடாது என்றுதான் என்பார்கள். என் மேசைக் குழந்தை ஒருத்தி ஒரு வாரம் அந்த மூலையை விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "மிஸ், இதுக்கு முழங்கை இருக்கு, அதுக்கு இல்லை" என்றாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை. அதே குழந்தை இப்போது அந்தத் தாளைப் பார்த்து "எச்சாட்" என்று படிக்கிறாள். படித்துவிட்டு, சரியா என்று என் முகத்தைப் பார்க்கிறாள்.

ஜூனில் ஆங்கில எழுத்தொலிகளைக் கூட்டிப் படிக்கிற ஃபோனிக்ஸ் சோதனை இருக்கிறது, 40 சொல் படிக்க வேண்டும், இந்த நேரத்தில் குழப்பாதீர்கள் என்கிறார்கள். நியாயமான கவலைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஃபோனிக்ஸில்தானே 'சி', 'எச்' சேர்ந்தால் 'ச' என்று சொல்லிக்கொடுத்தோம்? 'எஹாத்'தில் தொண்டையிலிருந்து வர வேண்டிய ஒலியை அந்த இரண்டு எழுத்தில் எழுதிக் கொடுத்தால் பிள்ளை வேறெப்படிப் படிக்கும்? யார் யாரைக் குழப்புகிறார்கள்?

அர்த்தம் புரியாத எழுத்து எதற்கு என்றும் ஒருவர் கேட்டிருந்தார். ஆங்கிலத்தில் எழுதினால் மட்டும் புரிந்துவிடுமா, ஐயா? இடைக்காலத்தில் ஜெர்மனி, பிரான்ஸ் யூதர்கள் பலகையில் எழுத்துகளை எழுதி, மேலே தேன் தடவிக் குழந்தையை நக்கச் சொன்னார்கள். முதலில் எழுத்து இனிக்கட்டும் என்றுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஹீப்ரூவைப் பேச்சுமொழியாக்கப் பாடுபட்ட பென் யெஹுதாவின் மகன், 1882இல் பிறந்தவர், அந்த மொழியையே தாய்மொழியாகக் கேட்டு வளர்ந்தவர். அவரே பிற்பாடு ஹீப்ரூவை லத்தீன் எழுத்தில், அதாவது இந்த ஆங்கில எழுத்தில், எழுதலாம் என்றார். 1927இல் தன் அப்பாவின் வரலாற்றை அப்படி அச்சிட்டார், பத்திரிகையும் நடத்திப் பார்த்தார். நிலைக்கவில்லை. அவராலேயே முடியவில்லை.

காஸாவை இழுத்துக்கொண்டு வந்தவர்களுக்கு: அதை நினைத்து எனக்கும் தூங்காத ராத்திரிகள் உண்டு. அதை ஒரு ஆறு வயதுப் பிள்ளையின் எழுத்துப் பலகையில் வைத்துப் பேச மாட்டேன்.

அப்புறம், "நீங்கள் யூதரும் இல்லை, உங்களுக்கு என்ன வந்தது?" என்ற கேள்வி. அதுதான் ரொம்ப வலித்தது. என்ன வந்தது என்று சொல்கிறேன்.

என் மகனுக்கு அப்போது எட்டு வயது. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் பேச வேண்டும், இரண்டே நாள்தான் இருந்தது. நானே சமையலறை மேசையில் உட்கார்ந்து, பேச்சு முழுவதையும் ஆங்கில எழுத்தில் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். மேடையில் "வாஸ்க தமிஸ்" என்று முடித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன். அடுத்த வருடமும் அட்டை எழுதினேன். அப்புறம் அவன் அட்டை இல்லாமல் படிக்கவே இல்லை.

இப்போது அவனுக்கு 19. கும்பகோணத்திலிருந்து என் அம்மா ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவனுக்குத் தன் கையால் எழுதி வாழ்த்து அனுப்புவார். "அம்மா, படிச்சுச் சொல்லு" என்று என்னிடம் நீட்டுவான். அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. கடைசியாக வந்த வாழ்த்தை இழுப்பறையில் வைத்திருக்கிறான், அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறான். அதில் எது தன் பெயர் என்று அவனுக்குத் தெரியாது.

விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. மதிய இடைவேளையில் நான் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன், அதற்குச் சம்பளம் வேண்டாம். தயவுசெய்து அந்தத் தாளைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.