கயிறும் கத்தரிக்கோலும்

போன வாரம் ஒருநாள் பயிற்சிக்குப் போயிருந்தோம். நோயாளியின் பண்பாட்டை மதித்துப் பராமரிப்பது எப்படி என்பது தலைப்பு. திரையில் அட்டவணை போட்டார்கள். இந்த மதத்தவர் இதைச் சாப்பிட மாட்டார்கள், அந்தச் சமூகத்துப் பெண்களிடம் ஆண் ஊழியர் இப்படி நடக்கணும் என்று வரிசையாக. எல்லாரும் போனில் படம் பிடித்துக்கொண்டார்கள், நானும்தான். மதியச் சாப்பாடு பிரமாதம், அதில் குறை சொல்ல முடியாது.

17 வருஷமாக ராமநாதபுரம் கடலோரத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். அந்த அட்டவணை இங்கே ஒரு நைட் டூட்டியைக்கூடத் தாங்காது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், குடல்வால் ஆபரேஷனுக்கு ஒரு பையன் வந்தான். பத்து வயசு இருக்கும். அம்மா மண்டபம் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண், நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. பையனின் கையிலோ ஏர்வாடி தர்காவில் ஓதிக் கட்டிய தாயத்து. இந்த அம்மாவை அட்டவணையில் எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? நான் எந்தக் கட்டத்திலும் போடவில்லை. கத்தரிக்கோலை எடுத்துக் கயிற்றை நறுக்கென்று வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டேன். அவர் சத்தமே போடவில்லை. பையனை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால், ரத்தப் பஞ்சு கிடக்கிற கூடைக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

தாயத்தைக் கழற்றத்தான் வேண்டும். உடம்பில் உலோகம் இருந்தால் டயதர்மி (ரத்தக் கசிவை மின்சாரத்தால் சுட்டு நிறுத்தும் கருவி) வைக்கும்போது சுட்டுவிடக்கூடும். ஆனால் "அம்மா, இதை நீங்களே அவிழ்த்து மடியில வச்சுக்கோங்க, வெளிய வந்ததும் கட்டிவிடுங்க" என்று சொல்ல அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷத்தை நான் ஏன் கொடுக்கவில்லை என்று பிறகு யோசித்தேன். என் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் யார் கையிலும் கயிறு இருந்ததில்லை. நான் வெட்டியது சுத்தத்துக்காக இல்லை, அப்பாவுக்காக. கயிற்றில் எனக்கு இன்றைக்கும் நம்பிக்கை கிடையாது, அதை மாற்றிக்கொள்ளும் எண்ணமும் இல்லை. ஆனால் அது என் வீட்டு வழக்கம். அதை நான் யூனிஃபார்முக்குள் ஒளித்து வார்டுக்குள் கொண்டுவந்து, அறிவியல் என்று பெயர் வைத்திருந்தேன்.

நியூசிலாந்தில் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்று ஒரு மாவோரிப் பழங்குடி நர்ஸ் இருந்தார். அடுத்தவர் சடங்குகளை மனப்பாடம் செய்வதல்ல வேலை, நர்ஸ் முதலில் தன் மனப்போக்கையும் தன் கையில் இருக்கும் அதிகாரத்தையும் பார்க்க வேண்டும் என்றார். கிடைத்த பராமரிப்பு பாதுகாப்பானதா என்று தீர்ப்பு சொல்பவர் நோயாளிதான் என்பதும் அவர் வாதம். அந்த நாட்டு நர்சிங் கவுன்சில் 1992-இல் இதைப் படிப்பில் கட்டாயமாக்கியது. நாங்கள் படித்தபோது பண்பாட்டுக்கு ஏற்ற பராமரிப்பு பற்றி மேட்லின் லைனிங்கர் என்ற அமெரிக்க நர்ஸ் சொன்ன கோட்பாட்டை ஐந்து மார்க் கேள்வியாக மனப்பாடம் செய்தோம். பரீட்சையோடு போயிற்று.

கீழக்கரை உம்மா ஒருவர், இன்சுலின் போடுகிறவர். ஒரு ரமலானில் நோன்பு வைக்கிறார் என்று தெரிந்ததும் கத்தினேன். "நோயாளிக்கு விலக்கு இருக்குன்னு உங்க குர்ஆன்லயே இருக்கே!" என்று அவர் வேதத்தை அவருக்கே பாடம் எடுத்தேன். அடுத்த ரமலானில் கேட்டபோது "இல்லம்மா, நோன்பு இல்ல" என்றார். சாயங்காலம் வேர்த்து ஒழுகித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சர்க்கரை 58-க்கு இறங்கியிருந்தது. பொய் சொல்ல அவருக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். குளுக்கோஸ் ஏறித் தெளிந்ததும் சொன்னார்: "விலக்கு இருக்கறது எனக்குத் தெரியாதாம்மா? சின்னப் புள்ளையில இருந்து வைக்கிறேன். எல்லாரும் நோன்பு திறக்க உக்காரும்போது நான் மட்டும் என்னான்னு உக்காருவேன்?"

இப்போதெல்லாம் ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுகிறேன். டாக்டர் பார்த்து, ஊசி அளவையும் நேரத்தையும் சஹருக்கும் (விடியலுக்கு முன் சாப்பாடு) நோன்பு திறப்புக்கும் ஏற்ப மாற்றித் தருகிறார். நோன்பே வேண்டாம் என்று டாக்டர் சொல்கிறவர்களும் உண்டு, அதையும் உட்கார்ந்துதான் பேசுகிறோம். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியாது என்று மார்க்கம் படித்த ஆலிம்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். 70-க்குக் கீழே போனால் அந்த நிமிஷமே திறந்துவிட வேண்டும். இதற்கு அந்த உம்மா ஒப்புக்கொண்டார், நான் கத்தாமல் இருந்ததால்.

"அப்போ சங்கிலியும் பண்பாடுதானா?" என்று கமெண்டில் யாராவது வருவீர்கள், தெரியும். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று கொட்டகையில் தீப்பிடித்தபோது, தர்காவில் குணமாகட்டும் என்று கூட்டிவந்து சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். தர்காவில் துஆ கேட்பது வேறு, மனிதரைக் கட்டிப்போடுவது வேறு. சங்கிலி கூடாது என்று 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டமே சொல்கிறது. அங்கே நான் மரியாதையாக ஒதுங்கி நிற்க மாட்டேன். தாயத்து இருக்கட்டும், மாத்திரையும் போடட்டும். சங்கிலியை அவிழ்க்கத்தான் வேண்டும்.

பண்பாடு என்றாலே மதம் என்று நினைப்பதும் ஒரு கோளாறு. பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிற பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்குகிறார்கள். பாறை கிழித்த காலோடு வருவார்கள். "தண்ணியில இறங்காதீங்க, மூணு நாள் கழிச்சு வாங்க" என்று சீட்டில் எழுதுவோம். வர மாட்டார்கள். ரிஜிஸ்டரில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதுவோம். அவர்கள் கடலுக்குப் போவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாள்கள்தான். மாச வருமானமே அதற்குள் அடங்கிவிடும். நாங்கள் தேதி கொடுத்தது சரியாக அந்த நாள்களில்.

நேற்றுக்கூட ஒரு அக்கா குதிகால் கிழிந்து வந்தார். டிடி ஊசி போட்டு, கழுவிக் கட்டிவிட்டு, "அடுத்த கட்டு எப்ப மாத்தலாம்க்கா?" என்று கேட்டேன். சுவரில் தொங்கிய காலண்டர் பக்கம் திரும்பி, அமாவாசைக்கு எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். நான் சீட்டில் எதுவும் எழுதாமல் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.